பூட்டனார் சொன்ன ‘தௌ’

இஞ்சாருங்கோ,

இத்தனை காலமும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தை வேறு எப்படித் தொடங்குவதென்று எனக்குத் தெரியவில்லை. அச்சுக்காரர் உங்கள் பெயருக்கு முன்னால் “அமரர்” என்று போட்டு மாதிரி அனுப்பியிருக்கிறார். பார்த்தால் யாரோ பெரிய உத்தியோகத்தர் போல இருக்கிறது. எனக்கு நீங்கள் இஞ்சாருங்கோதான்.

நீங்கள் போய் ஒரு வருடம் முடிகிற உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறோம். ஊரில் நடப்பதெல்லாம் இப்போது மொன்றியலிலும் நடக்கிறது. அட்டையில் உங்கள் படம், உள்ளே தேவாரம், பிறகு வம்ச வரலாறு, அதற்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம் கண்ணீர். எனக்கும் சில பக்கங்கள் தந்திருக்கிறார்கள். நான் அழ வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே அழுதுவிட்டேன். இந்தப் பக்கங்களில் உங்களோடு கொஞ்சம் கதைக்கப் போகிறேன். திவச வீட்டில் மலரைப் புரட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிற சனம் ஒட்டுக் கேட்டால் கேட்கட்டும்.

விஷயம் இதுதான். வம்ச வரலாறு எழுதுகிற பொறுப்பை ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் இருக்கிற உங்கள் அண்ணை எடுத்துக்கொண்டார். நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் உங்கள் பூட்டனாரின் இடம் வந்ததும் “சிறந்த கல்விமான், ஆசிரியர்” என்று சொல்லிவிட்டு விறுவிறென்று பாட்டனாரிடம் போய்விட்டார். கச்சேரிக் கதை இல்லை. ‘தௌ’ இல்லை. நான் தொலைபேசியில் கேட்டேன்.

“அது எங்கட வீட்டுக் குப்பை, சரோ. கனடாவுக்கு வந்தும் ஏன் அதைக் கிண்டுவான்?” என்றார்.

குப்பையா? நீங்கள் படுக்கையில் கிடந்தபோது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்தாளைப் பற்றி ஆரும் எழுதினால் சரியா எழுதச் சொல்லும். அந்தாள் மடையன் இல்லை.” சரி என்றால் எது சரி என்று நீங்களே கண்டுபிடிக்காமல் போய்விட்டீர்கள். அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

கேட்கிற சனத்துக்காகக் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். குறுக்கே விழுந்து திருத்த வேண்டாம்.

உங்கள் பூட்டனார் போன நூற்றாண்டில், ஆயிரத்து எண்ணூறுகளில், மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலிஷ் படித்தவர். இலக்கணப் புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பாராமல் ஒப்புவிப்பார் என்று ஊரில் பேர். படிப்பு முடிந்ததும் கச்சேரியில் கிளாக்கர் வேலைக்கு ஆளைக் கூப்பிட்டார்கள். கச்சேரி என்றால் எங்களுக்கு அரசாங்கக் கந்தோர், அலுவலகம். பியர்பொன்ட்ஸில் இருக்கிற தமிழ்நாட்டு டாக்டர் “ஓ, உங்க கொள்ளுத்தாத்தா நல்லா பாடுவாரா?” என்று கேட்டபடியால் இதையும் விளக்க வேண்டியிருக்கிறது. தலைப்பாகை கட்டி, சால்வை போட்டு, பூட்டனார் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார். துரையிடம் முதலில் சுகம் விசாரிப்பதுதான் மரியாதை என்று நினைத்து, “ஆர்ட் தௌ வெல், சேர்?” என்று கேட்டார்.

துரையின் முகம் சிவந்தது. பியோனைக் கூப்பிட்டு ஆளை வெளியே விடச் சொன்னார். வேலை அந்த இடத்திலேயே போனது. பூட்டனார் நடந்தே ஊருக்குத் திரும்பி, கிராமப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து காலத்தை முடித்தார்.

இங்கிலிஷ் இலக்கணத்தில் ‘தௌ’ (thou) என்பது முன்னிலை ஒருமை. எங்கள் ‘நீ’. பூட்டனாரின் காலத்திலேயே வெள்ளைக்காரர் பேச்சில் அது செத்துப்போன சொல். ஒருவரோ பலரோ, எல்லாருக்கும் ‘யூ’தான். துரைக்குத் தன்னை ஒரு கறுத்தப் பெடியன் நக்கல் அடித்தது போல இருந்திருக்கும்.

ஊர் சும்மா விடுமா? அவர் தௌ வாத்தியார் ஆனார். வீடு தௌ வீடு ஆனது. வீட்டுக்குப் போகிற ஒழுங்கைகூடத் தௌ ஒழுங்கை. எனக்குக் கலியாணம் பேசியபோது யாரோ என் அம்மாவிடம், “ஆர், தௌ வீட்டுப் பெடியனே?” என்று கேட்டார்களாம். அது ஏதோ பரம்பரை வியாதியின் பெயர் என்று நினைத்து அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

நீங்கள் சின்ன வகுப்பில் வாசிக்க எழுந்து நின்றால், பின்வரிசை வாங்கில் இருந்து மாடு கத்துவது போல “தௌ...” என்று இழுப்பார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் இங்கிலிஷைக் கரைத்துக் குடித்தேன், வாத்தியாரும் ஆனேன் என்று சிரித்துக்கொண்டு சொல்வீர்கள். சிரித்தது வாய் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். இங்கே வந்த பிறகு நீங்கள் தெருமூலைக் கடையான தெப்பனருக்குப் பால் வாங்கப் போனாலும் வசனத்தை மனதுக்குள் ஒருமுறை கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தீர்கள். நீங்கள் வசனம் கட்டி முடிப்பதற்குள் கடைக்காரன் பிரெஞ்சில் வேறேதோ கேட்டுவிடுவான். ஒரு சொல் பிழைத்தால் ஒரு பரம்பரையே கவிழும் என்று நம்பி வளர்ந்த ஆளுக்கு வாய் எப்படி வரும்?

ஆனால் சனிக்கிழமைகளில் நீங்கள் வேறு ஆள். கிழமை முழுவதும் உடுப்புத் தொழிற்சாலையில் பெட்டி கட்டிவிட்டு, சனிக்கிழமை காலையில் சவரம் எடுத்து, கோட்டும் போட்டு என்னையும் இழுத்துக்கொண்டு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கிளம்புவீர்கள். மெட்ரோவில் போகும்போதே உங்கள் முகத்தில் கலியாண வீட்டுக் களை வந்துவிடும். பழைய புத்தக அறையில் பேனை கொண்டுபோக விடமாட்டார்கள், பென்சில் மட்டும்தான். குளிர்கோட்டையும் வெளியே விட வேண்டும். அங்கே உட்கார்ந்து, போன நூற்றாண்டுப் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகங்களை ஒன்று மாறி ஒன்றாகப் புரட்டுவோம். நீங்கள் வாசிப்பீர்கள், நான் கேள்வி கேட்பேன். ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்போதுதான் எனக்கு அந்தக் காலத்துப் படிப்பு எப்படி நடந்தது என்று விளங்கியது. இலக்கணம் படித்தால் மொழி வரும் என்று அவர்கள் மனதார நம்பியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசத் தெரியாத பிள்ளைக்கும் முதலில் வரைவிலக்கணம். பெயர்ச்சொல் என்றால் என்ன, வினைச்சொல் என்றால் என்ன, கேள்வியும் பதிலுமாக உருப்போட வேண்டும். பிறகு ஒரு வசனத்தை எடுத்து அதில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் எழுப்பி நிறுத்தி விசாரிப்பார்கள். நீ பெயரா வினையா, தன்மையா படர்க்கையா, ஒருமையா பன்மையா, எந்த வேற்றுமை, உன்னை ஆளுகிற சொல் எது.

“இது கலியாணப் புரோக்கர் கேக்கிற மாதிரியெல்லே கிடக்கு” என்றேன்.

“ஓம். ஆனா கடைசி மட்டும் கலியாணம் நடக்காது. அந்தப் பிள்ளை அந்த வசனத்தை ஒரு நாளும் வாயால சொல்லாது” என்றீர்கள்.

இன்னொன்று எனக்கு இப்போதும் சிரிப்பு. பிழையான வசனங்களை வேண்டுமென்றே அச்சடித்துப் பிள்ளைகளிடம் திருத்தக் கொடுத்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் பிழைகள். தாய்மொழி இங்கிலிஷான பிள்ளை அதைப் பார்த்துத் திருத்தும். எங்கள் பிள்ளைகளுக்கு எது பிழை எது சரி என்று எப்படித் தெரியும்? பிழையையும் சேர்த்துப் பாடமாக்கியிருக்கும். மொன்றியல் பிள்ளைகளும் அதே மாதிரிப் புத்தகத்தைத்தான் படித்திருக்கிறார்கள். ஒன்றின் ஓரத்தில் யாரோ ஒரு பிள்ளை பனிவண்டி இழுக்கிற குதிரை கீறி வைத்திருந்ததைக் காட்டினீர்களே. பூட்டனாருக்கு அலுத்தபோது என்ன கீறியிருப்பார்? பனைமரமா?

எங்கே பார்த்தாலும் வினை அட்டவணையில் ‘தௌ’ நின்றது. நான் படிப்பிக்கிறேன், நீ படிப்பிக்கிறாய், அவன் படிப்பிக்கிறான் என்று. வீதியில் யாரும் சொல்லாத சொல், அட்டவணையில் மட்டும் ராசா மாதிரி. ஏன் விட்டு வைத்தார்கள்? லத்தீனில் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் ஒருமை, பன்மை என்று ஆறு கட்டம் இருந்தபடியால் இங்கிலிஷுக்கும் ஆறு கட்டம் வேண்டும், ஒரு கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்றுதான் நீங்கள் விளக்கம் சொன்னீர்கள். ‘யூ’ பன்மைக் கட்டத்துக்குள் இருந்தது. ஒரு நாள் என் கையைப் பிடித்திழுத்துக் காட்டினீர்கள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு. மரியாதைப்பட்ட பேச்சில் ஒருவரையும் ‘யூ’ என்றே சொல்வார்கள் என்று. அந்தப் புத்தகங்களில் பெரிய எழுத்து பிள்ளை உருப்போட, சின்ன எழுத்து வாத்தியார் பார்க்க.

“பாத்தீரே சரோ! அந்தாளுக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் கிடைச்சது. முன்னால நிண்டது ஒரு ஆள். ஒருமை. ஒருமைக்குத் தௌ. புத்தகம் சொன்னதைச் செய்தவர்.”

அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் குரல் அவ்வளவு பலமாக வந்ததை நான் மொன்றியலில் முதல்தரம் கேட்டேன்.

அன்று பின்னேரமே புரோசார்ட்டுக்குப் போனோம். நீங்கள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு உங்கள் அண்ணை நிதானமாகத் தேத்தண்ணியை உறிஞ்சினார். “அப்ப என்ன சொல்லுறாய்? புத்தகத்தை மட்டும் படிச்சுப்போட்டு, ஆளைப் பாத்துக் கதைக்கத் தெரியாத மடையன். அதைத்தானே ஊரும் சொன்னது?”

திரும்பி வரும்போது பஸ் பாலத்தில் ஏறி இறங்கியதும் கேட்டீர்கள். “அண்ணை சொல்லுறதிலயும் ஒரு ஞாயம் இருக்குது. எங்கட ஆக்கள் நீ, நீர், நீங்கள் எண்டு ஆளை அளந்து கதைக்கிற ஆக்கள். துரையைப் பாத்து நீ எண்டு சொல்ல ஒரு யாழ்ப்பாணத்தானுக்கு நாக்கு வளையுமே? புத்தகம் ஆயிரம் சொல்லட்டும்.”

அந்தக் கேள்வி உங்களைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் ஒருநாள் சாப்பிட வந்தபோது பெரிய சந்தோஷமாக ஒரு விடை தந்தார். “சார், அவர் வேணும்னேதான் சொல்லியிருக்கார்! வெள்ளைக்காரனை மூஞ்சிக்கு நேரா நீன்னு கூப்பிட்டிருக்கார். நீங்க என்ன சார், தலையைக் குனிஞ்சுக்கிட்டு?” சில நாள் நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தீர்கள். பிறகு நீங்களே இறக்கி வைத்துவிட்டீர்கள். “கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலைக்குப் போன மனிசன் தலைப்பாகை கட்டிக்கொண்டு போய்ச் சண்டை பிடிக்கமாட்டான்.” எனக்கு உங்களில் பிடித்ததே இதுதான். நல்லாயிருக்கிற பொய்யை உங்களால் வைத்திருக்க முடியாது.

அந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனீர்கள். மிச்சத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் இப்போது கார்தெரியில் வேலை செய்கிறேன். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். எங்கள் வீடு இருக்கிற வான் ஹோர்ன் தெருவில் இருந்து நடக்கிற தூரம்தான். பிரெஞ்சு வகுப்பில் எனக்குச் சொல்லித் தந்தது, மரியாதைக்கு ‘வூ’, நெருக்கத்துக்கு ‘து’ என்று. இரண்டு தட்டுத்தான். எங்களுக்கு மூன்று தட்டு. நடுத்தட்டான ‘நீர்’ எங்கே என்று வகுப்பு ரீச்சரிடம் கேட்டேன், அவவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. எதற்கும் பிழை வராமல் இருக்கட்டும் என்று எல்லாரையும் ‘வூ’ என்றே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றிடம் “தாங்கள் மூத்திரம் பெய்துவிட்டீர்களா” என்று நான் கேட்ட மாதிரி ஆகிவிட்டது. தாய்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நீங்கள் போன பிறகு இங்கே ஒரு வாக்கெடுப்பும் நடந்தது. கியூபெக் தனியாகப் போவதா வேண்டாமா என்று விளக்குக் கம்பமெல்லாம் ஓம் என்கிற ‘வீ’, இல்லை என்கிற ‘நோன்’ பலகைகள். மயிரிழையில் ‘நோன்’ வென்றது. மறுநாள் கார்தெரியில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சமையலறையில் லூசியன் அம்மா மட்டும் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஓய்வு எடுக்கிற வயது. அன்று அவர் என்னிடம் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “நீ ஏன் என்னை இன்னும் ‘வூ’ என்கிறாய்? எனக்கு நூறு வயதானது போல இருக்கிறது.”

வயதில் மூத்தவரை ‘நீ’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது என்றேன். அவர் சிரித்தார். தன் தாய் தன்னுடைய தகப்பனை ‘வூ’ என்றுதான் கூப்பிட்டாராம். கடவுளையும் அப்படித்தானாம். பிறகு தேவாலயத்தில் ஜெபத்தையே மாற்றிக் கடவுளை ‘து’ ஆக்கிவிட்டார்களாம். “என் அம்மா அந்த இடம் வரும்போது வாயை மூடிக்கொள்வார். சாகும்வரை கடவுளை ‘து’ என்று சொல்லவில்லை” என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். கடவுள்! நாங்கள் சைவக்காரர். சிவனென்றாலும் முருகனென்றாலும் பாட்டில் ‘நீ’ என்றுதான் உரிமையோடு கூப்பிடுவோம். அதனால் எங்களுக்கு இந்தப் பக்கம் பார்க்கவே தோன்றவில்லை. பூட்டனார் வீட்டில் சைவம், பள்ளிக்கூடத்தில் காலையில் பைபிள் வாசிக்கிற வேதப் பாடம். இங்கிலிஷையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துத்தானே அந்தப் பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் பொருள் கற்றார்கள்? தமிழ் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், கடவுளை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

எங்கள் கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் மேர்சி அக்கா இருக்கிறார் அல்லவா. மெட்ரோவில் யாரும் யாருக்கும் பிரெஞ்சில் நன்றி, அதாவது ‘மெர்சி’, சொன்னால் திரும்பிப் பார்ப்பாரே, அவர்தான். வேலை முடிந்த கையோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“அக்கா, நீங்கள் ஜெபத்தில கடவுளை நீ எண்டே சொல்லுறனீங்கள்?”

“சீச்சீ! என்ன கதை கதைக்கிறீர்? கடவுளை நீ எண்டுவினமே? நீர். உம்முடைய, உமக்கு. இன்னும் மரியாதைக்குத் தேவரீர். எங்கட பூட்டன் காலத்திலயும் அதுதான்.”

“இங்கிலிஷில?”

“பழைய இங்கிலிஷில தௌ.”

நான் அவரது சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் தமிழ், இங்கிலிஷ் இரண்டு வேதத்தையும் கொண்டுவந்து மடியில் விரித்தார். இருட்டும்வரை ஒப்பிட்டுப் பார்த்தோம். மனிதர் கடவுளைப் பார்த்துப் பேசினால் இங்கிலிஷில் ‘தௌ’, தமிழில் ‘நீர்’. குடிமகன் அரசனைப் பார்த்துப் பேசினாலும் ‘தௌ’, ‘நீர்’. கடவுள் மனிதனைப் பார்த்துப் பேசினால் அதே ‘தௌ’தான், ஆனால் தமிழில் ‘நீ’. ஒரே இங்கிலிஷ்ச் சொல். கீழிருந்து மேலே போனால் நீர், மேலிருந்து கீழே வந்தால் நீ. ‘நீங்கள்’ அங்கே கூட்டத்துக்கு மட்டும்தான். ஒற்றை ஆள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் யாரும் ‘நீங்கள்’ என்று சொல்லவில்லை.

விளங்குகிறதா இஞ்சாருங்கோ? பூட்டனாரின் நாக்கு ‘நீ’ என்று வளையவே இல்லை. அவர் குனிந்து நின்று மேலே பார்த்து ‘நீர்’ என்றார். துரை கதிரையில் இருந்து கீழே பார்த்துக் கேட்டபடியால் அது ‘நீ’ என்று விழுந்தது. ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை படித்த இலக்கணத்தையும், படித்த வேதத்தையும், வீட்டில் பழகிய மரியாதையையும் மூன்றையும் சேர்த்து அளந்து பார்த்துத்தான் அந்தச் சொல்லை எடுத்திருக்கிறார். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராலும் அந்தப் பிழையை விட முடியாது. அதைப் பிழை என்று சொல்லவும் எனக்கு மனமில்லை.

இதற்கு என்னிடம் சாட்சி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். பூட்டனார் வந்து சொல்லப் போவதில்லை. ஆனால் மடையன் என்ற கதையைவிடவும், டாக்டரின் சண்டியன் கதையைவிடவும் இது அந்த மனிசனுக்குப் பொருந்துகிறது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

உங்கள் அண்ணைக்கு உடனே எடுத்தேன். முழுவதையும் கேட்டார்.  பிறகு ஒரு குண்டு போட்டார்.

“அப்ப கடவுளுக்குச் சொல்லுற சொல்லை வெள்ளைக்காரனுக்குச் சொன்னவர் எண்டே அச்சில போடப்போறீர்? அதுக்கு மடையனாகவே இருந்திட்டுப் போகலாம்.”

 நான் அதை யோசிக்கவே இல்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, சோற்றைக் கிளறிக்கொண்டு, பனி கொட்டுகிறதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அடிமைப் புத்தியோ? அதையா நீங்கள் எழுதச் சொன்னீர்கள்? உண்மை நல்லாயில்லாவிட்டாலும் நீங்கள் எழுதத்தான் சொல்வீர்கள் என்று தெரியும். ஆனாலும் உங்கள் படம் போட்ட மலரில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு கிழமையாக நான் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை.

கார்தெரியில்தான் விடை வந்தது. சாப்பாடு பரிமாறும்போது நான் லூசியன் அம்மாவை மறுபடியும் ‘வூ’ என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் என்ன, அவரைக் கும்பிட்டா நின்றேன்? அவருக்கு அடிமையா? எனக்கு யாரும் கற்றுத்தராத ஒரு நாட்டில், யாரையும் நோகடிக்கக் கூடாதென்று என்னிடம் இருந்த சொல்லில் மேலான சொல்லை எடுத்து வைத்தேன். அவ்வளவுதானே. அரசனுக்கும் சொல்கிறார்கள், பெரியவருக்கும் சொல்கிறார்கள். அது கும்பிடு இல்லை, மரியாதை.

அன்று பின்னேரம் அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். “அத்தான், அவர் துரையைக் கும்பிடேல்லை. சுகமோ எண்டு கேட்டவர். அதை மரியாதையாக் கேட்டவர். எங்கட வீட்டுக்கு ஆரும் வந்தால் நாங்கள் கேக்கிற மாதிரி. வேற ஒண்டும் இல்லை.”

இந்த முறை குண்டு வரவில்லை.  பதிலுக்கு வந்த குரல் அண்ணையின் குரல் மாதிரியே இல்லை.

“என்னையும் பள்ளிக்கூடத்தில மாடு மாதிரிக் கத்தித்தான் கூப்பிட்டவங்கள், சரோ. தம்பிக்காவது நான் இருந்தன். எனக்கு முன்னால ஒருத்தரும் இருக்கேல்லை.”

உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அண்ணனும் தம்பியும் ஒரே சொல்லால் அடி வாங்கிவிட்டு, ஒருத்தர் அதைத் தோண்டிக்கொண்டும் மற்றவர் மண் போட்டு மூடிக்கொண்டும் இவ்வளவு காலம் இருந்திருக்கிறீர்கள்.  அண்ணை மூக்கைச் சீறிவிட்டு, “எழுதும். வடிவா எழுதும். நான் எழுதினதையும் நீரே திருத்தும்” என்றார். அதனால்தான் வம்ச வரலாற்றில் பூட்டனாருக்கு இப்போது ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. “கல்விமான்” என்பதை நான் வெட்டவில்லை.

எனக்கென்று ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது. இதைச் சனம் ஒட்டுக் கேட்கக் கூடாது, ஆனால் கேட்கத்தான் போகிறது.

நீங்கள் என்னைக் கட்டிய நாளில் இருந்து ‘நீர்’ என்றுதான் கூப்பிட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவியை ‘எடியே’ என்று கூப்பிடும்போது, எங்கள் வீட்டில் அந்த நெருக்கம் இல்லையோ என்று எனக்கு ஒரு சின்னக் குறை இருந்தது. வாத்தியார் என்னையும் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒரு தட்டில் வைத்திருக்கிறாராக்கும் என்று நினைப்பேன். கோபம் வந்தபோதும் நீர். காய்ச்சலில் பிதற்றியபோதும் நீர். கடைசியில் குரல் வராமல் உதடு மட்டும் அசைந்தபோதும், அது ‘நீர் சாப்பிட்டீரே’ என்றுதான் அசைந்தது. மேர்சி அக்காவின் மடியில் அந்தச் சொல்லை, மேலே இருப்பவருக்குச் சொல்கிற சொல்லாக, வரிக்கு வரி பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் நான் மனம் திரும்பிவிட்டேன் என்று நினைத்துத் தோளைத் தடவினார்.

ஒரு வாக்குத் தருகிறேன். மொன்றியலில் எந்தக் கலியாண மண்டபத்தில் எவர் வந்து “நீங்கள் தௌ வீட்டு ஆக்களோ?” என்று கேட்டாலும், உங்களை மாதிரி நான் எழும்பிப் போகமாட்டேன். ஓம் என்று சொல்லி, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தி, அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லித்தான் அனுப்புவேன். பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களுக்குப் பிரெஞ்சிலும் சொல்வேன், பிழைவிட்டுப் பிழைவிட்டு.

இவ்வளவு காலமும் உங்களை ‘நீங்கள்’ என்றேன். அது கூட்டத்துக்குச் சொல்கிற சொல்லாம். கூட்டம் போய்விட்டது, நீர் ஒருவர்தான். நீர் சுகமா?

உம்முடைய மனைவி,
தௌ வீட்டு மருமகள்,
சரோ